ஒரே கேபிளில் மூன்று பெயர்: என்பிஐவி அமைத்துப் பார்த்த கதை

தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்த அன்றுதான் இந்த வேலையே ஆரம்பித்தது. என் சோதனைக்கூடத்தில் கேவிஎம் (மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடும் லினக்ஸ் சர்வர்கள் 2, சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஒரு 8 கிகாபிட் ஃபைபர் சேனல் ஸ்விட்ச், இரட்டைக் கன்ட்ரோலர் கொண்ட ஒரு பழைய ஸ்டோரேஜ் பெட்டி. எந்த விஎம் எந்தச் சர்வரில் ஓடினாலும் டிஸ்க் கிடைக்க வேண்டுமே என்று, ஸ்டோரேஜில் பிரித்து வைத்திருந்த 12 லன்களையும் (ஒவ்வொன்றும் சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும்) இரண்டு சர்வருக்குமே திறந்து விட்டிருந்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் எஃப் என்று முடியும் சாதனப் பெயரை அடிக்க வேண்டிய இடத்தில் ஜி என்று அடித்துவிட்டேன். ஃபார்மேட் கட்டளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நிமிடம் டேட்டாபேஸ் விஎம் கதறியது. பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

விரல் வழுக்கியது என் தப்பு. ஆனால் அந்தச் சர்வருக்கு அந்த நேரத்தில் அந்த லன் தெரியவே வேண்டிய அவசியம் இல்லையே என்பதுதான் அப்புறம் மனதைக் குடைந்தது. டேட்டாபேஸ் விஎம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது இன்னொரு சர்வரில்.

ஸ்டோரேஜ் பெட்டி யாரை அனுமதிப்பது என்பதைப் போர்ட் பெயரை வைத்தே முடிவு செய்கிறது. சர்வரில் செருகும் ஃபைபர் சேனல் கார்டான எச்பிஏவின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 64 பிட்டில், அதாவது 16 ஹெக்ஸ் இலக்கத்தில், உலகத்திலேயே தனியான ஒரு பெயர் இருக்கும். எந்த லன் யாருக்குத் தெரியும் என்று ஸ்டோரேஜில் வைக்கும் லன் மாஸ்கிங், யார் யாரோடு பேசலாம் என்று ஸ்விட்சில் போடும் ஜோனிங் இரண்டும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே நடக்கின்றன. ஆனால் அந்தப் பெயர் கார்டுக்குச் சொந்தம், விஎம்முக்கு அல்ல. ஒரு சர்வரில் 10 விஎம் ஓடினாலும் ஸ்டோரேஜுக்குத் தெரிவது ஒரே ஆள்தான். மெயின்பிரேம்காரர்களுக்கு இந்தத் தலைவலி நமக்கு முன்பே வந்துவிட்டது. ஒரே பெட்டியில் நூற்றுக்கணக்கான லினக்ஸ்கள், எல்லாம் ஒரே ஃபைபர் சேனல் கார்டின் பெயரில். 2005-ல் வந்த ஐபிஎம் இசட்9 இயந்திரத்திலேயே இதற்கு வழி கொடுத்துவிட்டார்கள். அந்த வழிதான் என்பிஐவி. ஒரே போர்ட் தன் சொந்தப் பெயரோடு இன்னும் பல பெயர்களில் ஃபேப்ரிக்கில், அதாவது ஸ்விட்சுகளால் ஆன வலையில், நுழையலாம். அப்படிக் கூடுதல் பெயரில் பிறக்கும் மெய்நிகர் போர்ட்தான் விபோர்ட்.

முதல் முயற்சியில் அவசரப்பட்டேன். ஸ்விட்சை அலமாரியிலிருந்து இறக்கிக் கேபிள் மாற்றச் சோம்பல். சர்வரில் இருந்து ஸ்டோரேஜுக்கு நேரடியாக ஒரு கேபிள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது, அதிலேயே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். லினக்ஸில் இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடியில் எஃப்சி ஹோஸ்ட் என்ற கோப்பகம், அதற்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கோப்பகம், அதற்குள் விபோர்ட் உருவாக்குவதற்கென்றே ஒரு கோப்பு. புதிய போர்ட் பெயரையும் நோட் பெயரையும் (போர்ட்டைத் தாங்கும் சாதனத்துக்கான பெயர்) நடுவே ஒரு முக்காற்புள்ளி வைத்து அந்தக் கோப்பில் எழுதினால் போதும். பக்கத்திலேயே அதிகபட்சம் எத்தனை விபோர்ட் வைக்கலாம் என்று சொல்லும் கோப்பும் இருக்கிறது. என் கார்டு 255 என்றது.

எழுதினேன். செல்லாத மதிப்பு என்று திருப்பி அடித்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஸ்விட்சில் இருந்து நகலெடுத்த பெயரில் இரண்டு இலக்கத்துக்கு ஒரு முக்காற்புள்ளி இருந்தது. இந்தக் கோப்புக்கு 16 இலக்கமும் ஒட்டியபடி வர வேண்டும், அப்புறம் ஒரே ஒரு முக்காற்புள்ளி, பிறகு அடுத்த 16. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அதைச் சரி செய்ததும் விபோர்ட் உருவானது. அதன் நிலையைக் காட்டும் கோப்பைத் திறந்தால் "ஃபேப்ரிக் ஆதரவு இல்லை" என்ற பொருளில் ஒரு வரி. யோசித்துப் பார்த்தால் வேறு என்ன வரும்? போர்ட் முதன்முதலாக நுழையும்போது ஃப்ளோகி என்ற கோரிக்கையை அனுப்பி முகவரி கேட்கிறது. அந்த 24 பிட் முகவரியைக் கொடுப்பது ஸ்விட்ச். கூடுதல் பெயர் ஒவ்வொன்றுக்கும் எஃப்டிஸ்க் என்ற இன்னொரு கோரிக்கையை அதே ஸ்விட்சிடம் அனுப்ப வேண்டும். எதிர்முனையில் ஸ்டோரேஜ் மட்டும் இருந்தால் எஃப்டிஸ்க்குக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. நேரடி இணைப்பில் என்பிஐவி நடக்காது. இதை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், இருந்தும் சோம்பல் ஜெயித்தது.

சரி, ஸ்விட்சை இறக்கினேன். சர்வர் 4-ஆம் போர்ட்டில், ஸ்டோரேஜ் 0-விலும் 1-இலும். இணைப்பு வந்தது, சர்வருக்கு 010400 என்று முகவரி கிடைத்தது. இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும். முதல் இரண்டு இலக்கம் ஸ்விட்சின் டொமைன் எண், நடு இரண்டு என் ஸ்விட்சில் போர்ட்டின் எண், கடைசி இரண்டு அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆள். (நடு இரண்டை எல்லா நிறுவன ஸ்விட்சும் இப்படி போர்ட் எண்ணாகவே வைப்பதில்லை.) 00 என்றால் கார்டின் சொந்தப் பெயர்.

விபோர்ட்டை மறுபடி உருவாக்கினேன். மறுபடி அதே "ஃபேப்ரிக் ஆதரவு இல்லை". இப்போது ஸ்விட்ச் இருக்கிறதே! போர்ட் அமைப்பைப் பார்த்தால் 4-ஆம் போர்ட்டில் மட்டும் என்பிஐவி அணைந்திருந்தது. எப்போதோ வேறு எதற்கோ நானே அணைத்திருக்க வேண்டும். இயக்கினேன். நிலை மாறவில்லை. விபோர்ட்டை அழித்து மீண்டும் போட்டேன், அப்போதும் மாறவில்லை.

இங்கேதான் ஒரு மணி நேரம் போனது. கார்டு கெட்டதோ, டிரைவர் பழையதோ என்று எங்கெங்கோ தேடினேன். விஷயம் சின்னது. ஒரே இணைப்பில் பல முகவரி தருவேன் என்பதை ஸ்விட்ச் தனியாக அறிவிப்பதில்லை. ஃப்ளோகிக்குக் கொடுக்கும் பதிலில் ஒரு பிட்டாகச் சொல்கிறது. கார்டு அந்தப் பிட்டை அந்த ஒரு தடவை படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. நான் என்பிஐவியை இயக்கும் முன்பே என் கார்டு ஃப்ளோகி முடித்துவிட்டது, அதனால் அதன் நினைவில் இருப்பது பழைய பதில். ஸ்விட்சில் 4-ஆம் போர்ட்டை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். இணைப்பு போய் வந்தது, புதிய ஃப்ளோகி நடந்தது, விபோர்ட்டின் நிலை ஆக்டிவ் ஆனது. ஸ்விட்சின் பெயர் அட்டவணையில் 010400-க்குக் கீழே 010401 வந்து உட்கார்ந்தது. இன்னொன்று போட்டேன், 010402. ஒரே கேபிள், ஒரே விளக்கு, மூன்று பெயர்.

அடுத்து ஜோனிங். என் பழைய ஜோன்கள் சில போர்ட் எண்ணை வைத்துப் போட்டவை, அதாவது இந்த ஸ்விட்சின் 4-ஆம் போர்ட் ஸ்டோரேஜின் 0-ஆம் போர்ட்டோடு பேசலாம் என்கிற வகை. என்பிஐவிக்கு வந்த பிறகு அதை வைத்திருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். 4-ஆம் போர்ட்டுக்குப் பின்னால் எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே அனுமதி கிடைத்துவிடும். எல்லாவற்றையும் பெயர் வழி ஜோனாக மாற்றினேன். ஒரு ஜோனுக்கு ஒரு விபோர்ட், அதோடு ஸ்டோரேஜ் போர்ட், அவ்வளவுதான். பலரை ஒரே ஜோனில் அடைத்தால், ஒரு விபோர்ட் வந்தாலும் போனாலும் மற்றவர்களுக்கும் அறிவிப்பு போய் அவர்கள் எல்லோரும் மறுபடி விசாரிக்கக் கிளம்புவார்கள். விபோர்ட் அடிக்கடி வந்து போகும் சரக்கு என்பதால் இது உறுத்தும்.

ஜோனைப் போட்டு இயக்கினேன், ஸ்டோரேஜிலும் புதிய ஹோஸ்டாகப் பதிந்து ஒரு லன்னைக் கொடுத்தேன். விபோர்ட்டின் ஸ்கேன் கோப்பில் மூன்று சிறுகோடுகளை எழுதி, எல்லாவற்றையும் தேடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஸ்டோரேஜில் இருந்து பின்னோக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஸ்டோரேஜின் உள்நுழைவுப் பட்டியலில் அந்தப் பெயர் வந்திருக்கிறதா? இல்லை. அப்படியானால் லன் மாஸ்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை, அது வரைக்கும் ஆளே வரவில்லை. ஸ்விட்சின் பெயர் அட்டவணையில் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் பழுது நடுவில், ஜோனில். ஜோனின் உறுப்பினரைத் திரையில் வைத்து, பெயர் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டு இரண்டிரண்டாகப் படித்தேன். அட்டவணையில் கடைசி ஜோடி 31. ஜோனில் 13.

ஸ்விட்ச் ஏன் எச்சரிக்கவில்லை என்று கோபம் வந்தது, ஆனால் அதைக் குறை சொல்ல முடியாது. இன்னும் நுழையாத பெயரை முன்கூட்டியே ஜோனில் போட்டு வைப்பது முறையான செயல்தான். என்பிஐவியில் அது அவசியமும்கூட, ஏனென்றால் விஎம் எழும் முன்பே அதன் ஜோன் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இல்லாத பெயரும் இனி வரப்போகும் பெயரும் ஸ்விட்சுக்கு ஒன்றுதான். அன்றிலிருந்து பெயர்களைக் கையால் அடிப்பதை விட்டுவிட்டேன். விபோர்ட்டை ஒரு தடவை நுழைய விட்டு, ஸ்விட்சின் அட்டவணையில் இருந்தே நகலெடுத்து, மாற்றுப்பெயர் வைத்து, அந்த மாற்றுப்பெயரைத்தான் ஜோனில் சேர்க்கிறேன்.

31 ஆனதும் லன் வந்தது. அதை விர்ட்டியோ ஸ்கசி என்ற மெய்நிகர் டிஸ்க் கார்டு வழியாக டேட்டாபேஸ் விஎம்முக்குக் கொடுத்தேன். விஎம் எழுந்தது.

ஆனால் ஹோஸ்டில், அதாவது விஎம்மைத் தாங்கும் சர்வரில், எல்விஎம் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) பட்டியலைத் தற்செயலாகப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. டேட்டாபேஸ் விஎம்மின் டிஸ்க் தொகுப்பான வால்யூம் குரூப் ஹோஸ்டிலும் தெரிகிறது, அதுவும் இயங்கும் நிலையில்! விஎம் தன் முழு டிஸ்க்கையும் எல்விஎம்முக்குக் கொடுத்திருந்தது. விபோர்ட் வழியாக வந்த லன்னை முதலில் பார்ப்பது ஹோஸ்ட், ஏனென்றால் கேவிஎம்மில் விபோர்ட் என்பது ஹோஸ்டின் இன்னொரு ஸ்கசி கார்டாகவே உருவாகிறது. ஹோஸ்டின் எல்விஎம் வழக்கம்போல எல்லா டிஸ்க்கையும் மோந்து பார்த்து, அடையாளம் தெரிந்ததை எல்லாம் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. ஹோஸ்டும் விஎம்மும் ஒரே வால்யூமை மவுண்ட் செய்திருந்தால் அன்றைக்கு இன்னொரு பேக்கப் மீட்பு நடந்திருக்கும்.

இதில்தான் நான் என்பிஐவியைப் பற்றி மனதில் கட்டி வைத்திருந்த படம் கலைந்தது. விஎம்முக்கு ஃபைபர் சேனலில் தனிப் பாதை கிடைக்கப்போகிறது, நடுவில் ஹோஸ்ட் விலகிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது ஒரு பெயர் மட்டும்தான். ஸ்டோரேஜும் ஸ்விட்சும் அந்தப் பெயரை மதிக்கும். ஹோஸ்டுக்குள் அந்தப் பெயருக்கு எந்தச் சுவரும் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும். எல்விஎம்முக்குச் சாதனக் கோப்பு போட்டு, ஹோஸ்டின் சொந்த டிஸ்க்குகளைத் தவிர எதையும் தொடாதே என்று கட்டிப் போட்டேன். தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் ஆபத்து? விஎம் ஓடும் சர்வரில் அது இன்னும் இருக்கத்தான் செய்கிறது. மற்ற சர்வரில் இல்லை. எனக்கு அது போதும், முதல் நாள் நடந்தது மற்ற சர்வரில்தானே.

வேகத்திலும் அதே கதை. 8 கிகாபிட் இணைப்பு ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 800 மெகாபைட் தள்ளும். இரண்டு விபோர்ட்டில் ஒரே நேரத்தில் படிக்க விட்டால் இருவரும் அதையேதான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் எத்தனை ஃப்ரேம் அனுப்பலாம் என்று ஸ்விட்ச் கொடுக்கும் பஃபர் கிரெடிட்டும் பொது. கேபிளைப் பிடுங்கினால் மூவரும் சேர்ந்தே விழுவார்கள். இணைப்பு அறுந்தாலும் தப்பிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு விஎம்முக்கும் இரண்டு விபோர்ட் வேண்டும், இரண்டும் வேறு வேறு கார்டு போர்ட்டில். ஒரே போர்ட்டில் இரண்டு விபோர்ட் போட்டு ஒரே டிஸ்க்குக்கான பல பாதைகளை ஒன்றாக்கும் மல்டிபாத்தில் இரண்டு பாதை காட்டினால் பார்க்க அழகாக இருக்கும், பயன் எதுவும் இல்லை.

ரீபூட் செய்தேன், விபோர்ட்கள் எல்லாம் காணாமல் போயின. சிஸ்எஃப்எஸ்ஸில் எழுதியது நிரந்தரம் இல்லை என்பது தெரிந்ததுதான். விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில் ஸ்டோரேஜ் பூல் (டிஸ்க்குகள் எங்கிருந்து வரும் என்ற வரையறை) ஒன்று வரையறுத்து, அது தொடங்கும்போது விபோர்ட்டை உருவாக்கும்படி வைத்தேன். அதிலும் ஒரு சிக்கல். தாய் போர்ட்டை ஸ்கசி ஹோஸ்ட் 5 என்று எண்ணால் குறித்திருந்தேன். அடுத்த ரீபூட்டில் எண்கள் இடம் மாறின, விபோர்ட் வேறொரு போர்ட்டில் போய்ப் பிறந்தது, அந்தப் போர்ட்டில் கேபிளே இல்லை. பூல் வரையறையில் தாய் போர்ட்டை எண்ணுக்குப் பதில் அதன் சொந்தப் போர்ட் பெயரையும் நோட் பெயரையும் கொடுத்துக் குறிக்கலாம். அப்படி மாற்றிய பிறகு தொல்லை இல்லை. விஎம்முக்குள் கொடுக்கும் டிஸ்க்கையும் சாதன எழுத்தால் குறிக்காமல் அதன் நிலையான அடையாளத்தால் குறித்தேன். எழுத்தை நம்பி ஒரு தடவை அடி வாங்கியது போதும்.

கடைசியாக, இத்தனைக்கும் காரணமான வேலை: விஎம்மை ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது. இரண்டாவது சர்வரிலும் அதே பெயரில் பூல் வரையறுத்து, ஓடும் விஎம்மை அப்படியே நகர்த்தலாம் என்று போனேன். நகர்த்தும்போது சில நொடிகளுக்காவது இரண்டு பக்கமும் டிஸ்க் தெரிய வேண்டும். அதற்கு ஒரே பெயர் இரண்டு இடத்தில் நுழைய வேண்டும். ஃபேப்ரிக்கில் அது நடக்காது. ஒரே பெயர் இரண்டாவது முறை வந்தால் முதலாமவரை வைத்துக்கொள்வதா, வந்தவருக்கு இடம் கொடுப்பதா என்பது ஸ்விட்சின் அமைப்பைப் பொறுத்தது. என் ஸ்விட்ச் முதலாமவரை வைத்துக்கொண்டது. இரண்டாவது சர்வரில் விபோர்ட்டின் நிலை "ஃபேப்ரிக் பெயரை மறுத்தது" என்று வந்தது. மாற்றி அமைத்திருந்தால் ஓடும் விஎம்மின் காலடியில் இருந்து டிஸ்க்கை உருவியிருக்கும். மறுத்ததே நல்லது.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலும் ஐபிஎம்மின் பவர்விஎம்மிலும் ஒவ்வொரு மெய்நிகர் ஃபைபர் சேனல் கார்டுக்கும் ஏன் இரண்டு பெயர் தருகிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. ஒரு பெயரில் ஓடும், நகரும்போது போகும் இடத்தில் மற்றப் பெயரில் நுழையும், பிறகு பழையதை விட்டுவிடும். அடுத்த முறை நகரும்போது மாற்றி. அதனால்தான் அங்கே இரண்டு பெயரையும் ஜோனிலும் ஸ்டோரேஜிலும் பதியச் சொல்கிறார்கள். இரண்டாவது பெயர் நகர்த்தும் நாள் வரை தூங்கிக்கொண்டே இருக்கும், பட்டியலில் தலைகாட்டாது. அதைப் பதிய மறந்தவருக்கு நகர்த்தும் நாளில்தான் தெரியும். பவர்விஎம்மில் இன்னொன்று: மெய்நிகர் கார்டை அழித்துவிட்டு மீண்டும் போட்டால் பழைய பெயர் திரும்பி வராது, புதுப் பெயர்தான் பிறக்கும், ஜோனில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

என்னிடம் ஜோடிப் பெயர் இல்லை. ஆகவே விஎம்மை நிறுத்தி, பெயரை விடுவித்து, அந்தப் பக்கம் எழுப்புவது என்று முடிவு செய்தேன். இதிலும் முதல் தடவை சொதப்பினேன். விஎம்மை நிறுத்திய கையோடு விபோர்ட்டை அழித்துவிட்டேன், மல்டிபாத் இன்னும் அந்த லன்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதை இல்லாவிட்டால் வரிசையில் காத்திரு என்று அதற்கு நானே சொல்லி வைத்திருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு அது காத்திருந்தது, அதைத் தொட்ட ஒவ்வொரு கட்டளையும் கூடவே உறைந்தது. கில் கட்டளைக்கும் அசையவில்லை, ஹோஸ்டையே ரீபூட் செய்தேன். இப்போது விஎம் நின்றதும் முதலில் மல்டிபாத் சாதனத்தைக் கழற்றுகிறேன், அப்புறம் ஸ்கசி டிஸ்க்கை நீக்குகிறேன், அதன் பிறகுதான் பூலை நிறுத்துகிறேன். பூல் நின்றால் விபோர்ட்டும் போகும். ஸ்விட்சின் அட்டவணையில் 010401 மறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மறு சர்வரில் பூலைத் தொடங்குகிறேன். இந்த வரிசையை ஒரு ஸ்கிரிப்டில் போட்டுவிட்டேன்.

நேற்று அதை ஓட்டினேன். 4-ஆம் போர்ட்டில் 010401 போனது, 5-ஆம் போர்ட்டில் 010501 வந்தது, பெயர் அதே, கடைசி ஜோடி 31. ஸ்டோரேஜில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஜோனைத் தொடவில்லை. பழைய சர்வரில் டிஸ்க் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஜி என்று முடியும் டிஸ்க் அங்கே இல்லை.